பிள்ளையின் தூக்கத்தில் கை வைக்காதீர்கள்

பத்தாம் வகுப்பிலும் பிளஸ் ஒன், பிளஸ் டூவிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரே, உங்களிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன். பதினோராம் வகுப்பில் எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அந்த உரிமையில் பேசுகிறேன்.

பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது, ஆசிரியருக்காகக் காத்திருக்கும் அந்த வராந்தாவில் நம் பேச்சு எப்படி இருக்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். "எங்க பையன் நாலு மணிக்கு எழுந்துடுவான்." "எங்க பொண்ணு மூணரைக்கே எழுந்துடுவா, நான்தான் கூடவே உட்கார்ந்து டீ போட்டுக் குடுப்பேன்." சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. அதே பெற்றோர் பத்து நிமிடம் கழித்து ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து என்ன முறையிடுகிறார்கள்? "முன்ன மாதிரி இல்ல சார். எதைச் சொன்னாலும் எரிஞ்சு விழறான். படிச்சது எதுவும் மண்டையில நிக்கல. புத்தகத்தைத் திறந்தா கொட்டாவி. திமிர் ஜாஸ்தி ஆயிடுச்சு." முன்னதுதான் பின்னதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இரவு பதினொன்றரைக்குப் படுத்த பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பினால் அது தூங்கியது நாலரை மணி நேரம். 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் பரிந்துரைத்தது. நம் பிள்ளைக்குக் கிடைப்பது அதில் ஏறக்குறையப் பாதி. பாதிச் சாப்பாடு போட்டு வளர்க்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. பாதித் தூக்கத்தில் வளர்ப்பதை மட்டும் ஒழுக்கம் என்கிறோம், கண்டிப்பு என்கிறோம், அக்கறை என்கிறோம்.

"பிரம்ம முகூர்த்தத்தில் படித்தால் மனதில் நிற்கும், எங்க தாத்தா அப்படித்தான் படித்தார்" என்று சொல்வீர்கள். தாத்தா நாலு மணிக்கு எழுந்தார், உண்மைதான். அவர் எத்தனை மணிக்குப் படுத்தார் என்று கேட்டீர்களா? மண்ணெண்ணெய் விளக்கின் காலத்தில் ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டு மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும். எட்டுக்குப் படுத்து நாலுக்கு எழுந்தவர் முழுசாக எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவர். அவரிடமிருந்து விடியற்காலை நாலு மணியை மட்டும் எடுத்துக்கொண்டு இரவு எட்டு மணியை விட்டுவிட்டோம். ஸ்பெஷல் கிளாஸ் ஆறு மணி வரை, அதன்பிறகு எட்டரை வரை டியூஷன், வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட ஒன்பதரை, அப்புறம் வீட்டுப்பாடம். இந்த நாளின் தலைமாட்டில் தாத்தாவின் நாலு மணியைக் கொண்டுபோய் வைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

அந்த வயதின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் மூளையின் அடியில் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. உடம்பின் கடிகாரம் அதுதான். கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு அது பொழுதை அறிந்துகொள்கிறது. இருட்டியதும் அதன் உத்தரவின்படி பினியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கிறது. இரவு வந்துவிட்டது என்று உடம்பு முழுவதற்கும் சொல்லும் செய்தி அது. இந்தக் கடிகாரத்தின் ஓட்டத்தை நடத்தும் மரபணுக்களைப் பழ ஈக்களில் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பூப்பெய்தும் பருவத்தில் இந்தக் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்கே கண்ணைச் சொக்கிய பிள்ளைக்குப் பதினைந்து வயதில் பத்தரை, பதினொன்று ஆனாலும் தூக்கம் வராது. மெலடோனின் சுரப்பு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்குவதே காரணம். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி கார்ஸ்கடன் 1970-களில் தொடங்கிப் பல பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தூக்க ஆய்வுக்கூடங்களில் வைத்துக் கவனித்தவர். வளர வளரத் தூக்கத்தின் தேவை குறையும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அவர் கண்டது வேறு: பத்து வயதில் எவ்வளவு தூக்கம் தேவைப்பட்டதோ ஏறக்குறைய அவ்வளவும் பதினேழு வயதிலும் தேவைப்படுகிறது, தூக்கம் வரும் வேளைதான் மாறுகிறது. இருபது வயதுவாக்கில் இந்தத் தாமதம் உச்சத்துக்குப் போய், அதன்பிறகு மெல்ல முன்னால் வரத் தொடங்கும். நாற்பத்தைந்து வயதில் உங்களுக்கு ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வருகிறது என்றால் அது உங்கள் வயதின் இயல்பு. பதினாறு வயதுப் பையனுக்கு அப்படி வராததும் அவன் வயதின் இயல்பு. அவனைச் சோம்பேறி என்று திட்டும்போது, அவன் மனதை அல்ல, வளர்ச்சியைத் திட்டுகிறீர்கள்.

கார்ஸ்கடன் குழுவினர் 1998-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு என்னை உலுக்கியது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குப் போகும்போது பள்ளி தொடங்கும் நேரம் 8.25-லிருந்து 7.20-ஆக மாறிய மாணவர்களை அவர்கள் பரிசோதித்தார்கள். காலை எட்டரை மணிக்குப் படுக்க வைத்துப் பார்த்தபோது ஏறக்குறையப் பாதிப் பேர் சில நிமிடங்களில் நேராகக் கனவுத் தூக்கத்துக்குள் போய்விட்டார்கள். சாதாரணமாகக் கனவுத் தூக்கம் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். படுத்தவுடன் அது வருவது, பகலில் கட்டுப்படுத்த முடியாமல் தூங்கிவிழும் நார்கோலெப்சி நோயாளிகளிடம் காணப்படும் அறிகுறி. நோயில்லாத நல்ல பிள்ளைகள் பகல் எட்டரைக்கு அந்த நிலையில் இருந்தார்கள். வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது உடம்பு. மூளை இன்னும் இரவில்தான் இருந்தது. முதல் பீரியடில் நடத்திய கணக்கு ஏன் மண்டையில் ஏறவில்லை என்று இனிமேல் அவனைக் கேட்காதீர்கள்.

மண்டையில் ஏறுவது பற்றிச் சொன்னேன். படித்தது எங்கே போய் நிற்கிறது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் மதிப்பெண்தானே நமக்கு வேண்டும்.

1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பு நோயைக் குறைக்க மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். பொட்டுப் பகுதிக்கு உட்புறம் இரண்டு பக்கமும் இருக்கும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பிறகு 2008-ல் இறக்கும்வரை அவரால் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் பேசியவரைப் புதியவராகப் பார்த்தார். இளமையில் நடந்தவை மட்டும் நினைவில் இருந்தன. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். புதிய செய்தி முதலில் ஹிப்போகாம்பஸின் வழியாகத்தான் நுழைகிறது, நாள்பட நிற்க வேண்டியவை பெருமூளைப் புறணியில் நிலைபெறுகின்றன என்ற புரிதலுக்கு மோலைசனின் வாழ்க்கைதான் அடித்தளம்.

பழைய மளிகைக் கடைகளில் பகல் முழுக்க வரவு செலவைச் சிட்டையில் கிறுக்கி வைப்பார்கள். கடை சாத்திய பிறகு கணக்குப்பிள்ளை நிதானமாக அதைப் பேரேட்டில் ஏற்றுவார். ஹிப்போகாம்பஸ் சிட்டை. புறணி பேரேடு. ஏற்றும் வேலை பெரும்பாலும் தூக்கத்தில் நடக்கிறது. 1994-ல் மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் எலிகளின் ஹிப்போகாம்பஸில் நுண்ணிய மின்வாய்களைப் பொருத்திப் பதிவு செய்தார்கள். விழித்திருந்து ஓடித் திரிந்தபோது எந்தெந்த நரம்பணுக்கள் சேர்ந்து துடித்தனவோ, பின்னர் தூங்கும்போதும் அவையே மீண்டும் சேர்ந்து துடித்தன. பகலில் போன பாதையை மூளை தூக்கத்தில் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது.

இதற்கும் முன்பே, 1924-ல், கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் எளிமையான ஒரு சோதனை செய்திருந்தார்கள். பொருளற்ற அசைகளின் பட்டியலை இரண்டு மாணவர்களுக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்தார்கள். சில நாள் மனப்பாடம் செய்தவுடன் தூங்கச் சொன்னார்கள். சில நாள் வழக்கம்போல் விழித்திருக்கச் சொன்னார்கள். எட்டு மணி நேரம் கழித்துக் கேட்டபோது, தூங்கி எழுந்த வேளைகளில் நினைவில் நின்றவை, விழித்திருந்த வேளைகளில் நின்றவற்றைப்போலப் பல மடங்கு. நூறு ஆண்டு பழைய செய்தி இது. நம் வீடுகளுக்குள் இன்னும் வந்து சேரவில்லை.

தூக்கம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மாதிரி இருப்பதில்லை. சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக அது ஓடுகிறது. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவில் சுரப்பதும் அப்போதுதான். விடியலை நெருங்க நெருங்கக் கனவுத் தூக்கம் நீண்டுகொண்டே போகும். நாம் கனவு என்று தள்ளிவிடும் அந்த வேளையில் மூளை பகலின் பயத்தையும் அவமானத்தையும் கோபத்தையும் ஆற்றிக்கொள்கிறது, புதிதாகக் கற்றதைப் பழையதோடு முடிச்சுப் போடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பதினொன்றரைக்குப் படுத்த பிள்ளையை நாலு மணிக்கு உலுக்கும்போது பிடுங்கிக்கொள்வது பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான். நேற்று ராத்திரி படித்த பாடம் பேரேட்டுக்குப் போவதற்குள் எழுப்பிவிட்டு, இன்றைய பாடத்தைச் சிட்டையில் எழுதச் சொல்கிறோம்.

இனி திமிருக்கு வருவோம். எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இது.

மூளையின் உள்ளே, பாதாம்பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்து, அவமதிப்பு, மிரட்டல் எதையும் முதலில் மோப்பம் பிடிப்பது அது. அது துள்ளும்போது, "பொறு, அம்மாதானே சொல்கிறாள்" என்று அடக்கிவைப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி. மூளையிலேயே கடைசியாக முதிரும் பகுதிகளில் இதுவும் ஒன்று. இருபது வயதைத் தாண்டி, இருபத்தைந்து வாக்கில்தான் அதன் வேலை முடிகிறது. ஆகவே பதினாறு வயதில் அடக்கும் பகுதி இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது. துள்ளும் பகுதி முழு வேகத்தில் இருக்கிறது. இதற்கு மேல் தூக்கத்தையும் பிடுங்கினால்? 2007-ல் யூ, மேத்யூ வாக்கர் குழுவினர் ஓர் இரவு முழுக்கத் தூங்காத இளைஞர்களுக்கு வெறுப்பூட்டும் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். நன்றாகத் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுடைய அமிக்டலா சுமார் 60 சதவீதம் அதிகமாகக் கொந்தளித்தது. அதற்கும் முன்மூளைக்கும் இடையிலான தொடர்பு தளர்ந்திருந்தது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் வளர்ந்தவர்கள், ஒரே ஒரு இரவு விழித்தவர்கள். நம் பிள்ளைகள் ஜூன் முதல் மார்ச் வரை அரைத் தூக்கத்தில் இருக்கிறார்கள்.

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கதவை அறைந்து மூடினானே, அது உங்களை அவமதிக்க எடுத்த முடிவு என்று நினைத்துக்கொண்டீர்கள். நாலு மாதத் தூக்கக் கடன் அந்தக் கதவை அறைந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? "கொழுப்பெடுத்துப் போச்சு" என்று உறவினர் முன்னால் சொன்னீர்களே, அந்தச் சொல்லைப் பிள்ளை எத்தனை வருடம் சுமப்பான்? எல்லாக் கோபத்துக்கும் தூக்கமின்மைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. குணத்தைக் குற்றம் சொல்வதற்கு முன், பத்து நாள் முழுத் தூக்கம் கொடுத்துப் பாருங்கள் என்கிறேன். அதைக்கூடச் செய்யாமல் தீர்ப்பு எழுத நமக்கு உரிமை கிடையாது.

"அவனே நல்லாதான் இருக்கேன்னு சொல்றான், பழகிடுச்சு" என்பது நாம் அடிக்கடி சொல்லும் சமாதானம். மூளை அப்படிப் பழகுவதில்லை; பழகியதாக நினைத்துக்கொள்கிறது. 2003-ல் வான் டாங்கென் குழுவினர் ஆரோக்கியமான பெரியவர்களை 14 நாள் ஆய்வுக்கூடத்தில் வைத்து, ஒரு பிரிவினரைத் தினம் 6 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். இரண்டு வாரம் முடிந்தபோது அவர்களுடைய கவனமும் நினைவுத்திறனும் ஒன்றிரண்டு இரவுகள் அடியோடு தூங்காதவர்களின் நிலைக்குச் சரிந்திருந்தன. ஆனால் அவர்களைக் கேட்டால், கொஞ்சம்தான் தூக்கம் வருகிறது, பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். தன் சரிவைத் தானே அறியும் திறனும் சேர்ந்து மங்கிவிடுகிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை நம்பாதீர்கள். அவன் முகத்தைப் பாருங்கள்.

1964-ல் சான் டியாகோவில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயதுப் பள்ளி மாணவன், அறிவியல் கண்காட்சிக்காக 11 நாள் தூங்காமல் இருந்தான். முதல் சில நாட்களிலேயே எரிச்சல் வந்தது, நினைவு தப்பியது, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்தது. கடைசி நாளில் அவனை 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். 65 வரை வந்து நின்றுவிட்டான். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டபோது, என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது என்றான். நம் பிள்ளைகள் யாரும் 11 நாள் விழிப்பதில்லை. ஆனால் தேர்வு எழுதிவிட்டு வந்து, "தெரிஞ்ச கணக்குதான்மா, நடுவில எங்க இருந்தேன்னே தெரியல" என்று அழும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது, இரவு ஒன்பதரை மணி விசாரணை. அப்பா வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே கேட்கிறார்: "என்னடா, ரிவிஷன் டெஸ்ட் மார்க் வந்துச்சா?" அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க் தொடர்கிறது. அதன்பின் கட்டிய ஃபீஸ் கணக்கு. அந்த நேரத்தில் பிள்ளையின் நரம்பு மண்டலத்தில் நடப்பது இது: அமிக்டலா அலறுகிறது, ஹைப்போதலாமஸ் பரிவு நரம்புகளை முடுக்கிவிடுகிறது, அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. புலி துரத்தினால் ஓடுவதற்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அது. அட்ரினலின் சீக்கிரம் அடங்கிவிடும். அதைத் தொடர்ந்து வரும் கார்டிசால் எளிதில் அடங்காது. தூக்கத்துக்காகத் தணிந்திருக்க வேண்டிய வேளையில் ரத்தத்தில் ஏறி நிற்கும். பத்தரைக்கு விளக்கை அணைத்த பிள்ளை பன்னிரண்டு வரை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பது இதனால்தான். மார்க்கைப் பற்றிப் பேசியே ஆகவேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட்ட பிறகு, உட்கார்ந்து பேசுங்கள். இரவில் அந்தப் பேச்சை எடுக்கும் வீட்டில் ஒருவருக்கும் நன்மையில்லை.

தேர்வு நாள் காலையிலும் இதே தவறு நடக்கிறது. செருப்பு மாட்டும்போது, "இந்த மார்க் போச்சுன்னா உன் வாழ்க்கையே போச்சு" என்று வாசலில் நின்று சொல்கிறோம். 2000-ல் டி குவெர்வெய்ன் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். முந்தின நாள் சொற்களைப் படித்தவர்களுக்கு, அவற்றைத் திருப்பிச் சொல்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கார்டிசோன் மாத்திரை கொடுத்தார்கள். படித்தது உள்ளே இருந்தும் எடுத்துச் சொல்ல முடியாமல் தடுமாறினார்கள். வாசலில் நின்று நாம் கொடுக்கும் பயமும் உடம்புக்குள் அந்தக் குடும்பத்து ஹார்மோனைத்தான் ஏற்றுகிறது. பிள்ளை படித்திருக்கிறது. எடுத்து எழுத முடியாதபடி நாம் செய்கிறோம்.

"எல்லாத்துக்கும் அந்த போன்தான் காரணம்" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. போனுக்குப் பங்கு உண்டு. விழித்திரையில் மெலனோப்சின் என்ற நிறமி கொண்ட சில நரம்பணுக்கள் உள்ளன. போன் திரையிலிருந்து வரும் நீல வெளிச்சம் அவற்றை அதிகம் தூண்டும். பகல் இன்னும் முடியவில்லை என்று கடிகாரத்துக்குச் செய்தி போகும், மெலடோனின் தள்ளிப்போகும். ரீல்ஸும் விளையாட்டும் ஊட்டும் பரபரப்பு அதற்கும் மேல். ஆகவே பத்து மணிக்கு மேல் பிள்ளையின் கையில் போன் இருக்கக் கூடாது, இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பத்தரை வரை ஹாலில் சீரியல் சத்தம், பதினோரு மணிக்கு அப்பாவின் கையில் கிரிக்கெட், நள்ளிரவில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அம்மாவின் பதில். இந்த வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளை மட்டும் போனைத் துறக்க வேண்டும் என்பது நடக்கிற காரியமா? எல்லாருடைய போனும் ஒரே மேஜைக்கு, ஒரே நேரத்துக்குப் போகட்டும். அப்பாவின் போனும் சேர்த்துத்தான்.

நாலு மணி டீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது நரம்பணுக்களின் ஏற்பிகளில் ஒட்ட ஒட்டத் தூக்கம் அழுத்தும். டீயிலும் காப்பியிலும் இருக்கும் காஃபீன் அந்த இடத்தில் போய் உட்கார்ந்து அடினோசினை ஒட்டவிடாமல் செய்கிறது. சேர்ந்த கடன் அப்படியே இருக்கும், அறிவிப்பு மட்டும் நிற்கும். மாலை ஆறு மணிக்குக் குடித்த காப்பியின் காஃபீனில் பாதி, இரவு பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயப்படவைப்பது விடியற்காலை ஐந்தரை மணித் தெரு. இயற்பியல் டியூஷனுக்கு ஸ்கூட்டியில் போகும் பிள்ளைகள், பின்னால் இன்னொரு பிள்ளை, ஹெல்மெட் கைப்பிடியில் தொங்குகிறது, உரிமம் எடுக்கும் வயதுகூட ஆகவில்லை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவருடைய நிலைக்கு வந்துவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம். மாதக்கணக்கில் அரைத் தூக்கம் தூங்கிய பிள்ளை இதைவிட மேலான நிலையில் வண்டி ஓட்டுகிறது என்று எந்தத் தைரியத்தில் சாவியைக் கொடுக்கிறோம்? குடித்துவிட்டு வண்டி எடுக்கும் மகனைக் கையைப் பிடித்து நிறுத்தும் தகப்பன், தூக்கக் கலக்கத்தில் வண்டி எடுக்கும் மகளை டாட்டா காட்டி அனுப்புகிறார்.

"அடுத்தவன் படிக்கிறானே, நாம தூங்க விட்டா பின்தங்கிடுவானே" என்ற பயம் எனக்குப் புரிகிறது. இந்தப் பயத்துக்கு சியாட்டில் நகரம் பதில் சொல்லியிருக்கிறது. 2016-ல் அங்கே உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தைக் காலை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றினார்கள். பிள்ளைகள் இன்னும் தாமதமாகப் படுப்பார்கள், அவ்வளவுதான் நடக்கும் என்று பலர் எச்சரித்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவர்களின் மணிக்கட்டில் அளவுக்கருவி கட்டிப் பார்த்தபோது, பள்ளி நாளில் தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட உயிரியல் வகுப்பின் மதிப்பெண்களும் 4.5 சதவீதம் உயர்ந்திருந்தன. கலிஃபோர்னியா மாநிலம் 2019-ல் சட்டமே இயற்றியது. 2022 முதல் அங்கே உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது. நம் பக்கமோ ஏழு மணிக்கு ஸ்கூல் வேன், ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ். பல விடுதிப் பள்ளிகளில் நாலரைக்கு மணியடித்து எழுப்பி, இரவு பதினொன்று வரை ஸ்டடியில் உட்கார வைக்கிறார்கள். அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் நாம் லட்சக்கணக்கில் பணம் கட்டுகிறோம். பள்ளிக்காரர்கள் நாம் கேட்பதைத்தான் விற்கிறார்கள். நாம் கேட்பது தவறு.

என்ன செய்யலாம் என்கிறீர்களா? எழும் நேரத்திலிருந்து பின்னோக்கி எட்டு மணி நேரம் எண்ணுங்கள். அதுதான் விளக்கணைக்கும் நேரம், பிளஸ் டூ என்றாலும் சரி, நீட் என்றாலும் சரி. பகலுக்குள் முடியாத டியூஷனில் ஒன்றை நிறுத்துங்கள். மூன்று டியூஷன் போகும் பிள்ளைக்கு மூன்றும் தேவையா என்று பிள்ளையிடமே கேளுங்கள், பதில் உடனே வரும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னைத்தானே கேள்வி கேட்டு எழுதிப் பார்ப்பது அதிகம் நிலைக்கிறது என்று 2006-ல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் காட்டினார்கள். இப்படிப் படித்தால் குறைந்த நேரம் போதும். பள்ளி விட்டு வந்ததும் இருபது நிமிடம் படுக்கவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் கொஞ்சம் விளையாடவிடுங்கள், கடிகாரத்துக்கு அது நல்லது. முழுத் தூக்கம் கொடுத்தும் பகலில் தூங்கி விழுகிறது, இரவில் உரக்கக் குறட்டை விடுகிறது என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். வாரக்கணக்கில் முகம் வாடி, எதிலும் ஒட்டாமல், சாவைப் பற்றிப் பேசுகிறது என்றால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம்.

நாலு மணி அலாரத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில், காலை ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ் எதற்கு, அதை ஒன்பது மணிக்கு ஏன் வைக்கக் கூடாது என்று நான் எழுந்து கேட்கப்போகிறேன். ஒருத்தி கேட்டால் குறும்பு என்று உட்கார வைத்துவிடுவார்கள். நாற்பது பேர் கேட்டால் நேரத்தை மாற்றித்தான் ஆகவேண்டும். நீங்களும் எழுந்து நில்லுங்கள்.